வாட்ஸ்அப்பை விடாத குடும்பத்துக்குச் சிக்னலைப் பழக்குவது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டைப் போன்ற தோட்டப்புறச் சிற்றூர்களில் ஒருவர் காலமானால், அந்தச் செய்தி இப்போது வாட்ஸ்அப்பில்தான் முதலில் வருகிறது. இறந்தவரின் படம், வீட்டு முகவரி, ஈமச்சடங்கு தொடங்கும் நேரம், நல்லுடல் எந்த மின்சுடலைக்குக் கொண்டு செல்லப்படுகிறது என்ற விவரம் எல்லாம் அடங்கிய ஓர் அறிவிப்பு, தோட்டக் கோவில் குழுவில் தொடங்கி, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் குழு, முன்னாள் மாணவர் குழு, குடும்பக் குழு என்று கைமாறி, ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் வரை போய்ச் சேர்ந்துவிடுகிறது. லயத்து வீடுகள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) இடிக்கப்பட்டுத் தோட்ட மக்கள் தாமான்கள் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்குச் சிதறிப்போன பிறகு, பழைய தோட்டம் ஒன்றாக இருப்பது இந்தக் குழுக்களில் மட்டுமே. எனவே, "வாட்ஸ்அப்பை அழித்துவிட்டுச் சிக்னல் என்ற வேறொரு செய்திச் செயலிக்கு வாருங்கள்" என்று அத்தையிடம் சொல்லும் பிள்ளை, சாவுச் செய்தி கூடத் தெரியாத இடத்துக்கு அவரைக் கூப்பிடுகிறது. அவர் மறுப்பதில் வியப்பில்லை.

இந்த வழிகாட்டி வாட்ஸ்அப்பை நீக்கச் சொல்வதற்காக எழுதப்படவில்லை. ஊர்ப் பேச்சு அங்கேயே இருக்கட்டும். ஊருக்குத் தெரிய வேண்டாதவற்றை மட்டும், அவற்றைப் பகிர்ந்துகொள்ளும் மூன்று நான்கு பேரோடு சேர்ந்து சிக்னலுக்கு மாற்றிக்கொள்வது எப்படி என்பதே இங்குச் சொல்லப்படுகிறது.

முழு ஊரையும் மாற்ற முயன்றால் என்ன ஆகும் என்பதை 2021 ஜனவரியில் பார்த்தோம். வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்ததும், உலகெங்கும் ஏராளமானோர் சிக்னலை இறக்கினார்கள். அந்த மாதம் 15ஆம் தேதி, கூட்டம் தாங்காமல் சிக்னலின் சேவையே முடங்கியது. நம் பக்கத்து இளைஞர்களும் நிறுவினார்கள். இன்னார் சிக்னலில் இணைந்தார் என்ற அறிவிப்புகளைச் சில நாள் பார்த்தார்கள். பேச ஆள் இல்லாததால் அதைத் திறப்பதையே நிறுத்திவிட்டார்கள். 40 பேர் உள்ள ஒரு கோவில் குழுவில் இருவர் இருவராகச் சேர்த்துப் பார்த்தால் 780 தொடர்புகள் இருக்கின்றன. அவற்றில் நம் கையில் இருப்பவை 39 மட்டுமே. மற்றவர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் தொடர்பை நாம் நகர்த்த முடியாது. கோவில் பொருளாளர் ஒருவர் வர மறுத்தாலே வசூல் கணக்கு பழைய இடத்தில் தங்கிவிடும். கணக்கு இருக்கும் இடத்தில்தான் குழுவும் இருக்கும்.

வேறு காரணங்களும் உண்டு. சில ப்ரீபெய்டு திட்டங்களில் வாட்ஸ்அப்புக்கென்று தனியாக டேட்டா கிடைக்கிறது. மாதக் கடைசியில் மற்றவை நின்றுபோனாலும் அது ஓடும். பலகாரம் செய்து விற்கும் பெண்களுக்கு ஆர்டர் வருவதும், வகுப்பாசிரியர் வீட்டுப்பாடம் அனுப்புவதும் அதில்தான். இவற்றை எதிர்த்து வாதிடுவதில் பயன் இல்லை.

வாதிட வேண்டிய இடம் வேறு. அதிலும் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் பேசுவதை நிறுவனம் படிக்கிறது என்று பயமுறுத்தாதீர்கள். 2016 ஏப்ரல் முதல் வாட்ஸ்அப் செய்திகள் இருமுனை மறையாக்கத்துடனேயே, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டே செல்கின்றன. அதற்குப் பயன்படுவதும் சிக்னல் உருவாக்கிய மறையாக்க முறைதான். வாட்ஸ்அப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டன், 2018இல் 5 கோடி அமெரிக்க டாலர் கொடுத்துச் சிக்னல் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார் என்பதும் நினைவில் இருக்கட்டும். வேறுபாடு செய்தியின் உள்ளடக்கத்தில் இல்லை, அதைச் சுற்றியுள்ள தகவல்களில் இருக்கிறது: யார் யாரோடு பேசுகிறார், எப்போது பேசுகிறார், எந்தக் குழுக்களில் இருக்கிறார், எந்தக் கைப்பேசியைப் பயன்படுத்துகிறார் என்பன போன்றவை வாட்ஸ்அப்பின் உரிமையாளரான, விளம்பரத்தால் பிழைக்கும் மெட்டா என்ற பெருநிறுவனத்தின் கைக்குச் செல்கின்றன. 2016இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை ஒன்று சிக்னலிடம் ஒரு பயனரைப் பற்றிய விவரங்களைக் கேட்டபோது, அதனால் கொடுக்க முடிந்தவை அந்தக் கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும்தாம். வேறு எதையும் அது சேர்த்து வைத்திருக்கவில்லை.

ஆனால் இதைச் சொல்லி அத்தையை அசைக்க முடியாது. அவரை அசைப்பது அடையாள அட்டை.

<b>எதை மாற்றுவது</b>

அரசாங்க உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்தால், பெரியவர்கள் தங்கள் அடையாள அட்டையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படமெடுத்து, விவரம் தெரிந்த ஒரு பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அந்தப் பன்னிரண்டு இலக்க எண்ணில் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி; அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பேராக் என்றால் 08. வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பதாகச் சொல்லி மோசடிக்காரர்கள் முதலில் கேட்பதும் இதைத்தான். வாட்ஸ்அப்பின் வழக்கமான அமைப்பில் அந்தப் படம் பெற்றவரின் கைப்பேசிக் கேலரியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பேரப்பிள்ளை விளையாடக் கைப்பேசியை எடுத்தாலும், பழுது பார்க்கக் கடையில் கொடுத்தாலும், அது அங்கேயே கிடக்கிறது. அந்தக் கோப்புறையையும் இணையத்தில் சேமிக்கும்படி யாரோ எப்போதோ ஒப்புதல் கொடுத்திருந்தால், அங்கும் ஒரு நகல் இருக்கும். சிக்னலில் வரும் படமோ, நாமாக வெளியே சேமிக்காத வரை கேலரிக்குப் போவதில்லை. சிக்னலுக்குள்ளேயே எடுத்து அனுப்பும் படமும் அப்படித்தான்.

ஆகவே முதலில் ஒரு சிறு பட்டியலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டைப் படம், வங்கிப் புத்தகம், மருத்துவமனை அறிக்கை, வீட்டு நிலப் பத்திரம், பிள்ளையின் கல்விக் கடன் கடிதம், பெண் பார்க்கும் பேச்சு (இது சிரிப்பதற்காகச் சொன்னதல்ல; நம் ஊர்களில் இதைவிட இரகசியம் வேறு இல்லை) ஆகியவை சிக்னலுக்குப் போகட்டும். காலை வணக்கப் படங்கள், திருவிழா அறிவிப்பு, மரண அறிவிப்பு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். "இனிமேல் ஐசி படத்தை இதில் மட்டும் அனுப்புங்கள், அத்தை" என்ற ஒரு வேண்டுகோளை யாரும் மறுப்பதில்லை, ஏனென்றால் அதில் எதையும் விடச் சொல்லவில்லை.

<b>யாரிலிருந்து தொடங்குவது</b>

முதலில் குழு தொடங்காதீர்கள். குடும்பத்தில் யாரிடம் எல்லோரும் ஆவணம் அனுப்புகிறார்களோ, அந்த ஒருவரிடம் முதலில் நிறுவுங்கள். பெரும்பாலும் அது ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ வேலை பார்க்கும் மூத்த மகளாக இருக்கும். அவர் சிக்னலில் மட்டுமே ஆவணம் வாங்குவேன் என்று நின்றுவிட்டால், அப்பாவும் அம்மாவும் தம்பியும் தாமாக வருவார்கள். ஆவணம் கேட்பவர் மாறினால்தான் அனுப்புபவர் மாறுவார். இது எதிர்த்திசையில் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

பெரியவரின் கைப்பேசியில் நிறுவுவதற்கு முன் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பல கைப்பேசிகளில் நிறுவல் பாதியில் நின்றுபோவதற்குக் காரணம், வாட்ஸ்அப்பின் உள்ளே குவிந்து கிடக்கும் காணொளிகள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' பகுதிக்குள் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' என்பதைத் திறந்தால், பலமுறை முன்னனுப்பப்பட்டவை தனியாகக் காட்டப்படும். உரியவர் பக்கத்தில் இருக்கும்போது, அவரிடம் கேட்டுக் கேட்டு அழியுங்கள். முருகன் படம் போட்ட வணக்கச் செய்தி என்றாலும், அனுப்பியவர் இறந்துபோன தோழியாக இருக்கலாம்.

பிறகு பிளே ஸ்டோரிலிருந்து சிக்னலை இறக்கி, அவரது கைப்பேசி எண்ணைக் கொடுத்து, குறுஞ்செய்தியில் வரும் எண்ணை இடுங்கள். அந்த எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது என்பதை அப்போதே அவர் காதில் போட்டுவிடுங்கள். அடுத்து ஒரு பின் எண் கேட்கப்படும். அதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். ஆனால் பிறந்த ஆண்டு வேண்டாம், அது அடையாள அட்டையிலேயே இருக்கிறது. சிக்னல் அவ்வப்போது இந்தப் பின் எண்ணைக் கேட்டு நினைவூட்டும். முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால், ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று பயந்து பெரியவர்கள் செயலியையே மூடிவிடுவார்கள். பின் எண்ணை ஒரு தாளில் எழுதி, நிலப் பத்திரத்தோடு வைக்கச் சொல்லுங்கள். அவர்கள் தொலைக்காத இடம் அது ஒன்றுதான்.

செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்' பகுதியில் உள்ள 'ரெஜிஸ்ட்ரேஷன் லாக்' என்பதை இயக்கிவிட்டால், வேறொருவர் அந்த எண்ணை அபகரித்துப் பதிவு செய்ய முயன்றாலும் பின் எண் இல்லாமல் முடியாது. சிக்னல் சின்னத்தை வாட்ஸ்அப் சின்னத்துக்குப் பக்கத்திலேயே முகப்புத் திரையில் வையுங்கள். கடைசியாக, உங்கள் கைப்பேசியிலிருந்து அவருக்கு ஒரு காணொளி அழைப்புச் செய்யுங்கள். முகம் தெரிந்தால் நம்பிக்கை வந்துவிடும்.

'மறையும் செய்தி' வசதியை முதல் மாதங்களில் தொடாதீர்கள். பேத்தியின் படம் ஒரு வாரத்தில் காணாமல் போனால், பாட்டி அந்தச் செயலியை மன்னிக்க மாட்டார். தம்பதியருக்கு இடையில் இன்னும் கவனம் வேண்டும்: கணவன் கைப்பேசியில் திடீரென்று ஒரு புதிய செயலியும் அதில் மறையும் செய்திகளும் இருந்தால், யாரிடம் இவ்வளவு இரகசியம் என்ற கேள்வி வராமல் இருக்காது. இருவர் கைப்பேசியிலும் ஒரே நாளில் நிறுவுவதே நல்லது. அடையாள அட்டைப் படம் போன்றவற்றை, வேலை முடிந்ததும் கையாலேயே அழித்துக்கொள்ளலாம்.

டியூஷன் எடுக்கும் ஆசிரியைகளுக்கும், முன்பின் தெரியாதவர்களோடு பேச வேண்டிய பெண்களுக்கும் சிக்னலில் ஒரு தனி வசதி இருக்கிறது. 2024 முதல், எண்ணைக் கொடுக்காமல் ஒரு பயனர்பெயரைக் கொடுத்தே பேசலாம். பதிவு செய்ய எண் வேண்டும்; ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருக்காத எதிராளிக்கு அது தெரியாது. இந்த ஒரு வசதிக்காகவே வருகிறவர்களை நான் அறிவேன்.

<b>வரும் கேள்விகள்</b>

சிக்னல் மலேசியாவில் தடை செய்யப்பட்டதா என்று கேட்பார்கள். இல்லை. 2025 ஜனவரி 1 முதல், இந்நாட்டில் குறைந்தது 80 லட்சம் பயனர்களைக் கொண்ட சமூக ஊடக, செய்திச் சேவைகள் உரிமம் பெற வேண்டும் என்ற விதி வந்தது. அது சேவை நடத்துபவரைக் கட்டுப்படுத்துவது, பயன்படுத்துபவரை அல்ல. அதே நேரத்தில், தொடர்பு பல்லூடகச் சட்டம் எந்தச் செயலியில் அவதூறு எழுதினாலும் பாயும். சிக்னலுக்குப் போனால் எதையும் எழுதலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

டெலிகிராமுக்கே மாறிவிடலாமே என்பது அடுத்த கேள்வி. தனியுரிமைக்காக அங்குப் போவது பின்னோக்கிய நடை என்றே கருதுகிறேன். அங்கு வழக்கமான உரையாடல்களுக்கு இருமுனை மறையாக்கம் கிடையாது. 'இரகசிய உரையாடல்' என்று தனியாகத் தொடங்கினால்தான் உண்டு, குழுக்களுக்கு அதுவும் இல்லை. படம் இறக்கவும் செய்தி படிக்கவும் அது பயன்படலாம். அடையாள அட்டை அனுப்ப அது இடமல்ல.

மறைக்க எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்பவரிடம் தத்துவம் பேசாதீர்கள். உங்கள் சம்பளச் சீட்டைக் கோவில் குழுவில் போடட்டுமா என்று மட்டும் கேளுங்கள்.

எவ்வளவு சொன்னாலும் வராதவர்கள் இருப்பார்கள். அவர்களது வாட்ஸ்அப்பையாவது பூட்டிக் கொடுங்கள். 'அக்கவுண்ட்' பகுதியில் 'டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்' என்பதை இயக்கி ஆறு இலக்கப் பின் எண் வையுங்கள். தெரிந்தவர் பெயரிலேயே வந்து, "தவறுதலாக உங்களுக்கு ஓர் எண் வந்துவிட்டது, அனுப்புங்கள்" என்று கேட்டுக் கணக்கைப் பறிக்கும் வேலையை இது தடுக்கும். 'சாட் பேக்அப்' பகுதியில் மறையாக்கத்தை இயக்குங்கள். 2021 முதல் அந்த வசதி இருந்தும், பலரது பழைய உரையாடல்கள் பூட்டில்லாமல் கூகள் டிரைவில் கிடக்கின்றன. 'பிரைவசி' பகுதியில், குழுக்களில் சேர்க்கும் உரிமையைத் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்றினால், முதலீட்டு மோசடிக் குழுக்களில் முன்பின் தெரியாதவர்கள் அவரைச் சேர்ப்பது நின்றுவிடும். ஏமாந்து பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

கைப்பேசி மாற்றும் நாளில்தான் சிக்னலைப் பலர் இழக்கிறார்கள். கடைக்காரர் வாட்ஸ்அப்பை மாற்றிக் கொடுப்பார், சிக்னலை மறந்துவிடுவார். பழைய கைப்பேசி கையில் இருக்கும்போதே, இரண்டையும் அருகருகே வைத்து, புதியதில் சிக்னலைத் திறந்து, பழையதிலிருந்து மாற்றும் வழியைத் தேர்ந்தெடுங்கள். மாற்றி முடியும் வரை பழைய கைப்பேசியை அழிக்கவோ கடையில் கொடுக்கவோ வேண்டாம் என்று அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். தீபாவளிச் சலுகை வந்தால் உங்களைக் கேட்காமல் அவர் மாற்றிவிடுவார்.