ஜெபிக்க வார்த்தை வராத நாட்களுக்கு

அம்மா இறந்துபோன பிறகு பல வாரம் எனக்கு ஜெபமே வரவில்லை. முழங்கால் போடுவேன், "ஆண்டவரே" என்பேன், அதோடு நின்றுவிடும். அப்போது உதவியது இதுதான்: சொந்த வார்த்தைகளைத் தேடாமல், இரவில் வேதாகமத்தின் ஜெபப் பாடல்களான சங்கீதங்களில் ஒன்றை வாய்விட்டு வாசித்தேன். ஒன்றே ஒன்று. ஓரத்தில் பென்சிலால் தேதி குறித்து வைத்தேன்.

88ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள். அது ஆறுதல் வார்த்தை எதுவும் இல்லாமலே முடிகிறது. அப்படிப்பட்ட புலம்பலும் வேதத்தில் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய விடுதலை. பிறகு சங்கீதம் 34:18, கர்த்தர் நொறுங்குண்ட இருதயமுள்ளவர்களுக்குச் சமீபமாயிருக்கிறார் என்ற வசனம்.

"விசுவாசி அழலாமா?" என்று யாராவது கேட்டால் யோவான் 11ஐக் காட்டுங்கள். இறந்துபோன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார். அப்போஸ்தலன் பவுலும் துக்கப்படவே கூடாது என்று சொல்லவில்லை. நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் எழுதினார் (1 தெசலோனிக்கேயர் 4:13).

சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழே படுத்த எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, திரும்பப் படுக்கவும் விட்டார். சாக வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கும் வந்தால் தனியாக இருக்காதீர்கள். அன்றைக்கே போதகரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

பிறந்தநாள், கிறிஸ்துமஸ், முதல் வருட நினைவுநாள் மூன்றும் கடினமானவை. ஒரு வாரம் முன்பே சபையில் நெருக்கமான ஒருவரிடம், "அன்றைக்கு என்கூட இருங்க" என்று கேட்டுவிடுங்கள். பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.