வளர்ச்சி இலக்குகளுக்கான அரசுச் செலவு: கணக்கெடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசின் செலவை வளர்ச்சி இலக்குகளோடு பொருத்திப் பார்க்கும் பணிக்குப் புதிதாக வருபவர்களின் அட்டவணைகளைச் சரிபார்க்கும்போது, பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுகளையே மறுபடியும் காண்கிறேன். கூட்டல் பிழை, வரவுசெலவுத் திட்ட மதிப்பீட்டை உண்மைச் செலவுக் கணக்கென்று எழுதுவது போன்றவற்றை யாராவது சுட்டிக்காட்டிவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே எடுக்கவில்லை.

நிதி விடுவிப்பைச் செலவென்று எழுதுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இது. கணக்கேடே இதற்குத் துணைபோகிறது. ரொக்க அடிப்படையில், அதாவது பணம் கைமாறும்போதே பதிந்து, கணக்கு வைக்கும் அரசில், ஓர் அமைச்சகம் திட்டத்தை நடத்தும் உள்ளாட்சி அமைப்பு போன்ற செயலாக்க முகமைக்கு மானியத்தை அனுப்பிய நாளிலேயே அது செலவாகப் பதிவாகிவிடுகிறது. அதன்பின் அந்தப் பணம் முகமையின் வங்கிக் கணக்கில் எத்தனை மாதம் கிடந்தாலும் அமைச்சகத்தின் ஏட்டில் தெரியாது. ஒரு குடிநீர்த் திட்டத்தின் ஒதுக்கீடு ஏறத்தாழ முழுவதும் செலவாகிவிட்டதாக என் முதல் அறிக்கையில் எழுதினேன். மாதவாரிப் பட்டியலைப் புரட்டியிருந்தால், பெரும்பகுதி நிதியாண்டின் கடைசி வாரத்தில்தான் விடுவிக்கப்பட்டது என்பது தெரிந்திருக்கும். ஒப்பந்தப்புள்ளிகூடத் திறக்கப்படாத வேலைக்கு நான் நிறைவுச் சான்று கொடுத்தது போலாயிற்று. அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டி வந்தது.

அதே பணத்தை உள்ளாட்சி அமைப்பு ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும்போது, அதன் ஏட்டிலும் அது செலவாகிறது. இரண்டு ஏடுகளையும் அப்படியே கூட்டினால் நூறு இருநூறாகிவிடும் என்பதால், அரசு அமைப்புகளுக்கிடையிலான மாற்றல்களைக் கழித்த பிறகே கூட்ட வேண்டும். முகமையின் ஆண்டிறுதி வங்கி இருப்பையும் கேட்டு வாங்குங்கள். பணத்தைச் செலவிட்டதாக முகமை எழுதித் தரும் பயன்பாட்டுச் சான்றிதழ் மட்டும் போதாது. முன்பணம் கொடுத்ததையே பயன்பாடு என்று எழுதித் தருபவர்கள் உண்டு.

ஒரே செலவை மூன்று இலக்குகளில் ஏற்றுவது

2015இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட 17 நிலையான வளர்ச்சி இலக்குகளும் அவற்றின் கீழுள்ள 169 துணை இலக்குகளும் ஒன்றோடொன்று பின்னியவை. மாணவியருக்கான பள்ளிக் கழிப்பறை 4ஆம் இலக்கான கல்விக்கும், 5ஆம் இலக்கான பாலினச் சமத்துவத்துக்கும், 6ஆம் இலக்கான நீர், சுகாதார வசதிக்கும் பொருந்தும். மூன்றிலும் முழுத்தொகையை எழுதிக் கூட்டினால் ஒரு கழிப்பறை மூன்றாகிவிடும். முதன்மை இலக்குக்கு மட்டும் தொகை, மற்றவற்றுக்கு வெறும் குறியீடு என்பதே நான் கடைப்பிடிக்கும் வழி. தொகையை இலக்குகளுக்கிடையே விழுக்காடாகப் பிரிக்கும் பங்கீட்டில் எனக்கு நம்பிக்கை குறைவு. 40 என்று போட்டவரிடம் ஏன் 35 இல்லை என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை.

துறையின் பெயரை நம்புவது

சுகாதாரச் செலவு சுகாதாரத் துறையில் மட்டும் இருப்பதில்லை. மற்ற துறைகள் நடத்தும் மருத்துவமனைகளையும் தேடிச் சேர்க்க வேண்டும்.

விலையேற்றத்தைக் கழிக்காத ஒப்பீடு

எல்லா ஆண்டுத் தொகைகளையும் நிலைவிலைக்கு, அதாவது ஒரே ஆண்டின் விலைமட்டத்துக்கு, மாற்றாமல் பத்தாண்டு வரைபடம் வரையாதீர்கள்.