கோ நிரலை கோபாத்துக்கு வெளியே வைத்திருந்தால்

வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தம்பி ஒருவன் போன வாரம் மடிக்கணினியோடு வந்தான். கோ என்ற நிரல் மொழியில் எழுதுவதை எல்லாம் கோபாத் என்று அது முன்பு கேட்ட ஒரு குறிப்பிட்ட கோப்புறைக்குள்தான் வைக்க வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி, டெஸ்க்டொப்பில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வேலையை அங்கே தூக்கிப் போட்டு, இம்போர்ட் பாதைகளையும் மாற்றிக் குழப்பி வைத்திருந்தான். அது பழைய கதை. 2018இல் வந்த 1.11 பதிப்பிலேயே மொடியூல், அதாவது உங்கள் நிரலையும் அதற்கு வேண்டிய பொதிகளின் (மற்றவர்கள் எழுதிய நிரல் தொகுப்புகளின்) பதிப்புகளையும் ஒன்றாகக் கணக்கு வைக்கும் முறை, வந்துவிட்டது, 2021இல் வந்த 1.16இலிருந்து அதுதான் வழமை.

கோப்புறை எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். அதற்குள் போய் 'கோ மொட் இனிட்' என்று அடித்து, பக்கத்தில் மொடியூலுக்கு ஒரு பெயர் கொடுங்கள். கிட்ஹப்பில் போடுவதாக இருந்தால் அந்த முகவரியையே பெயராக வைத்தால் பிறகு தலையிடி இல்லை. அப்புறம் வேண்டியதை இம்போர்ட் செய்து எழுதிவிட்டு 'கோ மொட் டைடி' அடித்தால் போதும், இல்லாததை அதுவே இறக்கும், பயன்படாததைத் தூக்கிவிடும். மொடியூலின் பெயரும் வேண்டிய பொதிகளின் பதிப்பும் இருக்கும் கோ.மொட், கூடவே வரும் கோ.சம் என்ற இரண்டு கோப்புகளையுமே கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியில்) சேருங்கள். கோ.சம்மைக் குப்பை என்று நினைத்துச் சேர்க்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் இறக்கிய பொதிகளின் ஹாஷ், அதாவது உள்ளடக்கத்தின் கைரேகை மாதிரியான குறியீடு, அதில்தான் இருக்கிறது, அதே பதிப்பு எண்ணில் யாராவது உள்ளே கைவைத்தால் அங்கேதான் பிடிபடும்.

பதிப்பு தானாக ஏறாது. ஒரு பொதி 1.2 கேட்டு இன்னொன்று 1.4 கேட்டால், வெளியே 1.9 இருந்தாலும் கோ எடுப்பது 1.4தான். புதியது வேண்டுமென்றால் 'கோ கெட்' அடித்து, பொதியின் பெயருக்குப் பின் அட் குறி போட்டு பதிப்பை நீங்களே சொல்ல வேண்டும். எனக்கு இது பிடித்த விஷயம்.

சிக்கல் வருவது, நீங்களே எழுதிய லைப்ரரி பக்கத்துக் கோப்புறையில் இருந்து, இரண்டையும் ஒன்றாகத் திருத்தும்போதுதான். கோ.மொட்டில் ஒரு 'ரிப்ளேஸ்' வரி போட்டு அந்தக் கோப்புறையைக் காட்டலாம், ஓடும், ஆனால் அந்த வரியை மறந்துபோய் கொமிட் செய்துவிட்டால் உங்கள் கணினியில் மட்டும் இருக்கும் பாதையைத் தேடி மற்றவனுடைய பில்ட் விழும். நானும் விழுத்தியிருக்கிறேன். 1.18இல் வந்த 'கோ வேர்க் இனிட்' இதைவிட நல்லது, இரண்டு கோப்புறைகளையும் சொன்னால் மேலே கோ.வேர்க் என்று ஒரு கோப்பு வரும், அதை கிட் கண்டுகொள்ளாமல் விடவேண்டியவற்றின் பட்டியலான கிட் இக்னோரில் போட்டுவிட்டால் கோ.மொட் சுத்தமாகவே இருக்கும்.

கோட்டைக்கு ரயிலில் போகும்போது எழுதுகிறவர்கள் வீட்டிலேயே 'கோ மொட் டவுன்லோட்' அடித்துவிட்டு இறங்குங்கள், எல்லாம் கெஷ்ஷில், அதாவது இறக்கியவற்றைக் கணினியில் சேர்த்துவைக்கும் கோப்புறையில், இருக்கும், வழியில் டேட்டா தேவையில்லை. இடம் போதாமல் அந்தக் கெஷ்ஷை அழிக்கப் போனால் அனுமதி இல்லை என்று வரும், கோப்புகள் வாசிக்க மட்டும்தான் என்பதால் அப்படி. சூடோ போட்டு நிர்வாகி அதிகாரத்தில் அழிப்பது எல்லாம் வேண்டாம், 'கோ கிளீன்' அடித்து மொட்கெஷ் என்ற தெரிவைச் சேர்த்தால் சரி. ஆனால் அதன் பிறகு எல்லாவற்றையும் திரும்ப இறக்க வேண்டிவரும், மாதக் கடைசியில் செய்யாதீர்கள்.