கொடைக்கானல் பக்கம் சொந்த ஊருக்குப் போகிறவர்கள் போனில் கேட்க வேண்டியது

கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியிலோ வாடகைக் காரிலோ போனால் இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் அதுதான் நடைமுறை. வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் மின்னஞ்சல் மூலம் பதியலாம். வத்தலக்குண்டில் அரசு பஸ் ஏறினால் அதுவும் தேவையில்லை. எனக்கு இடறியது வேறு இடத்தில்.

புறப்படும் முன் வீட்டுக்குப் போன் போட்டு, "எல்லாரும் சௌக்கியமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "சௌக்கியம்" என்றுதான் பதில் வரும். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அப்பா அம்மாவிடம் மட்டும் கேட்டால் போதாது, மறைப்பவர்களே அவர்கள்தான். உங்கள் வயதுப் பங்காளி ஒருவரிடமும் கேளுங்கள்.

நான் கேட்கவில்லை. மன்னவனூர் பஸ் பிடித்து எங்கள் ஊரான பூம்பாறையில் இறங்கி, மதுரையில் வாங்கிய ஒரு கிலோ மைசூர்பாகும் சித்தப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டருமாக நேரே அவர் வீட்டுக்குப் போனேன். சித்தி கதவைத் திறந்தார். நெற்றியில் பொட்டு இல்லை. உள்ளே சுவரில் சித்தப்பா படம், மாலையோடு. நாலு மாதம் ஆகிவிட்டதாம். இனிப்புப் பெட்டியோடு வாசலிலேயே நின்றேன். சித்தி அதை வாங்கி, பிரிக்காமல், அடுப்படியில் கொண்டுபோய் வைத்தார். "நீ என்னய்யா செய்வே, உனக்குத்தான் யாரும் சொல்லலையே" என்றார்.

சொல்ல வேண்டாம் என்றது அப்பா. லீவு கிடைக்காது, டிக்கெட்டுக்குக் கடன் வாங்குவான், வந்தாலும் எடுத்த பிறகுதான் வந்து சேருவான் என்று கணக்குப் போட்டிருக்கிறார். இரண்டு நாள் அவரிடம் நான் பேசவில்லை. அந்தக் கணக்கில் தப்பே இல்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது. அதற்கு முன் நான் ஊருக்கு வந்தது 2018-ல், குறிஞ்சி பூத்த வருஷம். சித்தப்பாதான் கூட்டிப்போய்க் காட்டினார். இனி 2030-ல்தான் பூக்கும், அதுவரைக்கும் வராமல் இருந்துவிடாதே என்றார்.

துக்கம் கேட்க வேண்டிய வீடு இருந்தால் முதல் நாளே போய்விடுங்கள். கல்யாண வீடு, பிள்ளை பிறந்த வீடெல்லாம் அப்புறம். கிளம்பும்போது "போய்ட்டு வர்றேன்" என்று சொல்லக்கூடாது, பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். நான் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். சித்தி தலையை மட்டும் ஆட்டினார்.

ஏரிப் பக்கம் அறை போட்டிருந்தாலும் முதல் இரவு ஊரில் படுங்கள். யார் பூண்டுக் காட்டை விற்றார்கள், யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் வெளியே வரும். சித்தப்பா கடைசி வாரம் என்னைக் கேட்டார் என்பதும் எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஸ்வெட்டரை சித்தி என் தம்பிக்குக் கொடுத்தார். அவனுக்கு ஸ்வெட்டர் கை கொஞ்சம் நீளம். மடித்துவிட்டுப் போட்டுக்கொண்டான்.