வட ஆர்க்காட்டு ஊர்களுக்கு ஓவியக் கண்காட்சியைக் கொண்டுசெல்வது எப்படி? தொடக்கநிலையாளர்களுக்கான செய்முறை

பழைய வட ஆர்க்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்தது. 2019இல் வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஆகவே, ஆரணி, ஆற்காடு, ஆம்பூர், குடியாத்தம் ஆகிய நான்கு ஊர்ப்பக்கங்களுக்கு ஓவியங்களைக் கொண்டுசெல்ல விரும்புபவர், இன்று நான்கு மாவட்ட நிர்வாகங்களோடு பேச வேண்டியிருக்கும். புதிதாக இப்பணியில் இறங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் ஓவியங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு அவற்றை மாட்ட இடம் தேடுகிறார்கள். அந்த வரிசையை மாற்றி இடம், நேரம், வண்டி ஆகியவற்றை முடிவுசெய்துகொண்டு ஓவியங்களுக்கு வந்தால், பாதித் தொல்லை தானாகக் குறைந்துவிடும்.

முதல் படி: இடம்

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அது வசதியானதா என்று கேட்பதற்கு முன், ஊரிலுள்ள எல்லோரும் தயக்கமின்றி உள்ளே வருவார்களா என்று கேட்க வேண்டும். கோயில் மண்டபம் விசாலமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கலாம். ஆனால் காலனியில் வசிப்பவர்கள் அங்கு இயல்பாக வந்து நிற்க முடியாதென்றால், அந்த மண்டபம் நமக்குப் பயன்படாது. அரசுப் பள்ளி ஊர், காலனி ஆகிய இருதரப்புப் பிள்ளைகளும் அன்றாடம் ஒன்றாக உட்காரும் இடம் என்பதால், பெரும்பாலான ஊர்களில் அதுவே சிறந்த தேர்வு. பள்ளிக்குத் தலைமையாசிரியரின் சம்மதத்தோடு கல்வித்துறையின் எழுத்துவழி அனுமதியும் தேவைப்படும். சமுதாயக் கூடம், மகளிர் சுய உதவிக் குழுக் கட்டடம் போன்றவற்றுக்கு ஊராட்சி மன்றத் தலைவரை அணுக வேண்டும். சாவி யாரிடம் இருக்கிறது, இரவில் யார் திறந்துவிடுவார் என்பதையும் அன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இடத்தைப் பார்க்கச் செல்லும்போது அளவு நாடாவை எடுத்துச் செல்லுங்கள். கதவின் அகலம், சுவரின் நீளம், சன்னல் வழியே வெயில் எந்த நேரத்தில் எந்தச் சுவரில் விழுகிறது, மின்செருகிகள் எங்கே உள்ளன என்பவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். சுண்ணாம்புச் சுவர் என்றால் கையால் தேய்த்துப் பாருங்கள். மாவு உதிர்ந்தால் ஆணி நிற்காது. ஆணி நிற்கும் சுவராக இருந்தாலும், பிறருடைய கட்டடத்தில் துளையிடாமல் இருப்பதே முறை. உள்ளூர்ப் பந்தல்காரரிடம் இரும்புக் குழாய்களை வாடகைக்கு வாங்கிச் சட்டம் கட்டி, அதில் வெளிர்நிறத் துணியை இழுத்துக் கட்டி, மேல்குழாயிலிருந்து கம்பியால் படங்களைத் தொங்கவிட்டால் எந்த ஊரிலும் ஒரே மாதிரிச் சுவர் கிடைத்துவிடும்.

இரண்டாம் படி: காலம்

சித்திரை, வைகாசி வெயில் ஓவியங்களுக்கும் பார்வையாளர்களுக்கும் ஆகாது. மூடிய வண்டிக்குள் சூடேறினால் அக்ரிலிக் வண்ணம் இளகி, மேலே சுற்றியிருக்கும் பபிள் ஷீட்டில் ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் காகிதப் படங்களில் பூஞ்சை பிடிக்கும். பங்குனிக்குப் பிறகு பல ஊர்களில் பாரதக் கூத்து தொடங்கிவிடுவதால், மாலையில் நம்மைத் தேடி யாரும் வரமாட்டார்கள். பள்ளிகளோ மார்ச் மாதத்தில் பொதுத்தேர்வில் மூழ்கியிருக்கும். எனவே பொங்கல் முடிந்ததிலிருந்து பிப்ரவரி இறுதிவரை உள்ள காலமே பாதுகாப்பானது. சனவரி 26 அன்று கிராம சபைக் கூட்டம் நடப்பதால், கண்காட்சி அறிவிப்பை அங்கேயே வைத்துவிடலாம். தண்டோரா போடச் சொல்லாதீர்கள். அவ்வழக்கத்தைக் கைவிடுமாறு 2022இல் அரசே அறிவுறுத்தியிருக்கிறது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னால் போதும்.

நாளின் நேரம் இன்னும் முக்கியமானது. காலை பத்து முதல் மாலை ஐந்து வரை என்னும் நகரக் கூடங்களின் நேரம் இங்கே செல்லாது. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்து ஊர்களில் காலணித் தொழிற்சாலைப் பேருந்துகள் பெண்களைக் காலையில் ஏற்றிச் சென்று மாலை இருட்டும் வேளையில்தான் திருப்பி விடுகின்றன. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டில் பீடி சுற்றும் பெண்களுக்குப் பகலில் ஓய்வு கிடையாது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகலையும், மற்றவர்களுக்கு மாலை ஆறரை முதல் ஒன்பதரை வரையும் ஞாயிறு முழுநாளையும் ஒதுக்குங்கள்.

மூன்றாம் படி: படங்களும் ஓவியர்களும்

ஊர்ப்புறம் என்பதற்காக மாடு, ஏர், கோலம் ஆகியவற்றை மட்டும் தேர்ந்தெடுப்பது பார்வையாளர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும். ஆம்பூருக்கு அருகே மலையாம்பட்டில் உள்ள ஆர்மாமலைக் குகையிலும், போளூருக்கு அருகே திருமலையிலும் பழஞ்சமண ஓவியங்கள் உள்ள வட்டாரம் இது. உருவமற்ற ஓவியத்தையும் துணிந்து வையுங்கள். முதல் சுற்றுக்கு இருபது படங்கள் போதும். எந்தப் பக்கமும் மூன்றடிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் தகடு பொருத்திய பிரேம் உடையாது. ஆனால் கரித்தூள், பேஸ்டல் படங்களுக்கு அது கூடாது, ஏனெனில் தகட்டின் நிலைமின்சாரம் தூளை இழுத்துவிடும்.

ஓவியரோடு எழுத்துவழி ஒப்பந்தம் செய்ய வேண்டும். காட்சிக்கான கட்டணம், காலம், காப்பீட்டு மதிப்பு, சேதத்துக்கு யார் பொறுப்பு என்பவை அதில் இருக்க வேண்டும். படத்தை ஒருவர் விலைகொடுத்து வாங்கியிருந்தாலும், எழுத்துவழி மாற்றித் தராதவரை 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை ஓவியரிடமே பொதுவாக இருக்கும் என்பதால், சுவரொட்டியில் அச்சிடவும் தனியாக அனுமதி வாங்குங்கள். படத்தை உரியவரின் சுவரிலிருந்து எடுத்த நேரம் முதல் அவரிடமே திரும்பச் சேரும்வரை காப்பீடு தொடர வேண்டும்.

நான்காம் படி: பெட்டியும் வண்டியும்

இதற்குச் செய்யாற்றுப் பக்கத்துக் கூத்துக் குழுக்களின் பெட்டிதான் நல்ல முன்மாதிரி: எல்லாப் பொருளுக்கும் அதற்கென ஓர் இடம், எங்கு போனாலும் அதே அடுக்கு. பிளைவுட் பெட்டிக்குள் ஃபோம் ஒட்டிய தடுப்புகள் வைத்து, படங்களைப் படுக்கவைக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள். வண்ணப் பரப்பை பபிள் ஷீட் நேராகத் தொடக்கூடாது. இடையில் கிளாசின் எனப்படும் வழவழப்பான மெல்லிய தாள் இருக்க வேண்டும். ஒரு பெட்டியை இருவர் தூக்க முடிய வேண்டும். குட்டி யானை எனப்படும் டாடா ஏஸ் வண்டியின் தளம் சுமார் ஏழடி நீளமும் ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்டது. பெட்டிகளை அதற்கேற்ப அளவெடுத்துச் செய்யுங்கள். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்வரை போவதாக இருந்தால் மலைவளைவுகளில் பெட்டிகள் நகராதபடி கட்ட வேண்டும்; மேலே போனவுடன் திறக்காமல், சில மணி நேரம் அறையிலேயே வைத்திருந்து திறப்பது நல்லது.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நிலைக்குறிப்பு தேவை: முன்பக்கம், பின்பக்கம், மூலைகள் ஆகியவற்றின் ஒளிப்படங்களும், ஏற்கெனவே உள்ள கீறல்களின் குறிப்பும். பிரிக்கும்போதும் கட்டும்போதும் இதைச் சரிபார்க்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் சேதம் எந்த ஊரில் நேர்ந்தது என்பதைச் சொல்ல வேறு வழியில்லை.

ஐந்தாம் படி: மாட்டுதல்

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருப்பது பெரியவர்களுக்குப் பொருந்தும். தொடக்கப்பள்ளியென்றால் 120 செ.மீ. அளவுக்கு இறக்குங்கள். நீர்வண்ணப் படங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு), எண்ணெய் வண்ணப் படங்களுக்கு 200 லக்ஸ் வெளிச்சம் போதுமானது. கைப்பேசிச் செயலியால் ஏறத்தாழ அளந்துகொள்ளலாம். மின்தடைக்கு இன்வெர்ட்டர் ஒன்று வேண்டும்.

விளக்க அட்டையில் நான்கு வரிகளுக்கு மேல் எழுதாதீர்கள். எழுத்தின் அளவு 24 புள்ளிக்கு (பாயின்ட்) குறையக்கூடாது. வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம் பகுதிகளில் உருதுவிலும், ஆந்திர எல்லையோர ஊர்களில் தெலுங்கிலும் அட்டைகள் வையுங்கள். உள்ளூர் இளைஞர்கள் இருவருக்கு முந்தைய நாள் பயிற்சி தந்து, ஊதியத்தோடு வழிகாட்டிகளாக அமர்த்துங்கள். "இதன் அர்த்தம் என்ன?" என்று யாராவது கேட்டால் விளக்கத் தொடங்கிவிடாமல், "உங்களுக்கு முதலில் கண்ணில் பட்டது எது?" என்று கேட்கப் பழக்குங்கள்; பேச்சு அங்கிருந்து வளரும்.

ஆறாம் படி: இறக்குதல்

கடைசி நாள் இரவிலேயே அவசரமாகக் கட்டக்கூடாது. மறுநாள் காலை வெளிச்சத்தில் நிலைக்குறிப்பைச் சரிபார்த்துக் கட்டி, கூடத்தைப் பெருக்கி, சாவியை ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள். சுற்று முடிந்ததும் ஒவ்வோர் ஓவியரிடமும் படத்தைப் பிரித்துக் காட்டி, அதே நிலைக்குறிப்பின் அடியில் தேதியுடன் கையொப்பம் வாங்கிக்கொண்டு, மீதிக் கட்டணத்தை அப்போதே கொடுத்துவிடுங்கள்.