பூட்டை மாற்றிய வீட்டுக்காரர்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வாடகை ஒப்பந்தம் முடிந்ததும், நாங்கள் வேலைக்குப் போன நேரம் பார்த்து வீட்டுக்காரர் பூட்டை மாற்றிவிட்டார். சாமான் எல்லாம் உள்ளே! பூட்டை உடைக்கலாம் என்றார் அண்ணன், நான் விடவில்லை. போலீஸ் புகார் செய்துவிட்டு, அப்புறம் ஈப்போவில் இலவச சட்ட உதவி கேட்டுப் போனேன். அங்கே வக்கீல் தெளிவாகச் சொன்னார்: குத்தகை முடிந்த பிறகும் ஆள் குடியிருந்தால், கோர்ட் வழியாகத்தான் வெளியேற்ற முடியும். 1950ஆம் ஆண்டு ‘குறிப்பிட்ட நிவாரணச் சட்ட’த்தின் (Specific Relief Act) 7(2) பிரிவு அது. அதைக் காட்டி ஒரு கடிதம் போட்டார், சாவி வந்தது. அதற்காக அங்கேயே உட்கார்ந்துவிடவும் முடியாது. 1956ஆம் ஆண்டு குடிமைச் சட்டப்படி (Civil Law Act) வீட்டுக்காரர் இரட்டை வாடகை கேட்கலாம். சரி என்று, காலி செய்யும் தேதியையும் டெபாசிட் திரும்பத் தருவதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு வேறு வீடு பார்த்தோம்.