பழைய டிராக்டரில் சார்ஜ் ஏறாத கதை

எங்கள் அப்பா காலத்து டிராக்டர். உழவு சமயத்தில் ஒழுங்காக ஓடியது. உழவு முடிந்து, தோட்டத்துக்கு எரு டிரெய்லர் மட்டும் மெதுவாக இழுக்க ஆரம்பித்ததும் தொல்லை. காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு சரி. புது பேட்டரி போட்டேன், நாலே நாளில் அதுவும் படுத்தது. பார்த்த மெக்கானிக், எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையே மாற்றச் சொன்னார்.

அதற்கு முன் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். எஞ்சின் நிற்கும்போது 12.1 வோல்ட், ஓடும்போதும் அதே 12.1. சார்ஜ் ஏறினால் 14 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. பேட்டரி முனையில் பூத்திருந்த பச்சையை வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டேன். எர்த் வயரையும் சுரண்டி முடுக்கினேன். ம்ஹூம்.

சலிப்பில் ஆக்சிலரேட்டரை முழுசாக இழுத்தேன். மீட்டர் சட்டென்று 14.1க்குத் தாவியது! வேகத்தைக் குறைத்தும் இறங்கவில்லை.

அப்போதுதான் உறைத்தது: சாவி போட்டதும் எரிய வேண்டிய சிவப்பு சார்ஜ் விளக்கு எரிந்து எத்தனையோ நாளாச்சு. இந்த வகை ஆல்டர்னேட்டரில் உள்ளே சுழலும் சுருளுக்கு முதல் கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. அது இல்லாவிட்டால் இரும்பில் மிச்சமிருக்கும் காந்தத்தை நம்ப வேண்டியதுதான். வேகம் ஏறாமல் ஆல்டர்னேட்டர் விழிக்காது.

பல்பைக் கழற்றினால் கம்பி அறுந்து, கண்ணாடி கறுத்துக் கிடந்தது. அதே வாட்டில் சாதா பல்பு போட்டேன். எல்இடி வேண்டாம், அதில் போகும் கரண்ட் போதாமல் போகலாம். இப்போது ஆக்சிலரேட்டரை இழுக்காமல், ஐடிலிலேயே 13.9 வோல்ட்.